சாமிகிட்ட விட்டதுக்கு அப்புறம் மனுஷங்ககிட்ட போகலாமா?

ஓம் சரவணபவ.

வழக்கமா நான் பதிவு போட்டா கீழ என் பேரும் ஊரும் இருக்கும். இந்தத் தடவை இருக்காது. ஏன்னு படிக்கும்போதே புரியும். அட்மின் அண்ணனுக்கு மட்டும் நான் யாருன்னு தெரியும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க.

போன கந்த சஷ்டி சமயத்துல நம்ம குரூப்ல ஒரு தம்பி ஒரு கேள்வி கேட்டிருந்தான். ஞாபகம் இருக்கான்னு தெரியலை. "அண்ணா, குடியை விடணும்னு முருகன்கிட்ட வேண்டிக்கிட்டு ஆறு நாள் விரதம் இருக்கேன். என் ஃப்ரெண்டு, குடிநோயாளிகள் கூட்டம்னு ஒண்ணு இருக்கு, அங்க போய் உட்காருன்னு சொல்றான். சாமிகிட்ட விட்டதுக்கு அப்புறம் மனுஷங்ககிட்ட போனா, சாமி மேல நம்பிக்கை இல்லைன்னு ஆயிடாதா?"

நிறைய பேர் பதில் போட்டாங்க. "முருகன் பார்த்துப்பான்", "கவலைப்படாதே, வேல் இருக்கு". நானும் போட்டேன். ஒரு வேல் படம், ரெண்டு மயில் படம். அவ்வளவுதான்.

அன்னைக்கு சாயங்காலம் ஏழு மணிக்கு நான் அந்த மாதிரி ஒரு கூட்டத்துக்குத்தான் கிளம்பிட்டு இருந்தேன். ஆறு மாசமா போயிட்டு இருந்தேன். அவன் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் மயில் படம் போட்டுட்டு பைக்கை எடுத்துட்டுப் போயிட்டேன். குரூப்ல இருக்கறவங்க யாராவது என்னைக் கண்டுபிடிச்சிடுவாங்களோன்னு பயம், வேற ஒண்ணும் இல்லை. அப்புறம் அந்தத் தம்பி குரூப்ல பேசவே இல்லை. நான் அட்மின் அண்ணன்கிட்ட நம்பர் வாங்கி தனியா மெசேஜ் போட்டேன், ரெண்டு டிக் விழுந்தது, பதில் வரலை. அவனுக்கு எழுத வேண்டியதைத்தான் இப்போ எல்லாருக்குமா எழுதறேன்.

என் கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். இன்ஜினியரிங் மூணாவது வருஷத்துல முதல் பீர். சென்னையில வேலை கிடைச்சதும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை. 2020 லாக்டவுன்ல வீட்ல இருந்தே வேலைன்னு ஆனதும் வெள்ளிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் வித்தியாசம் இல்லாம போச்சு. செவ்வாய்க்கிழமை காலையில கந்த சஷ்டி கவசம், ராத்திரி லேப்டாப் மூடினதும் பாட்டில். இது முரண்பாடா அப்போ தோணவே இல்லை. குளிச்சிட்டுத்தானே கவசம் படிக்கிறோம்னு ஒரு நினைப்பு.

இதுக்கு நடுவுல மூணு வருஷம் தைப்பூசத்துக்கு மாலை போட்டேன். 48 நாள் விரதம், எங்க ஊர்ல இருந்து பழனிக்கு நாலு நாள் நடை. முதல் வருஷம் 48 நாளும் ஒரு சொட்டு தொடலை. பழனி அடிவாரத்துல மாலையைக் கழட்டினேன், அன்னைக்கு ராத்திரி லாட்ஜ்ல பசங்க வாங்கி வெச்சிருந்தாங்க. ஐடி வேலையில இருக்கறவங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, விரதத்தை ஒரு ஸ்பிரிண்ட் மாதிரி ஓட்டினேன். டெட்லைன் முடிஞ்சது, ரிலீஸ் பார்ட்டி.

இங்கதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கு. அந்த 48 நாள் எனக்கு ஒரு சர்டிஃபிகேட் மாதிரி ஆயிடுச்சு. அக்கா எப்பவாவது "டேய், கொஞ்சம் ஓவரா போற"ன்னு ஆரம்பிச்சா, "48 நாள் தொடாம இருந்தேன்ல? அடிமையா இருந்தா முடியுமா?"ன்னு கேட்பேன். அவளால பதில் சொல்ல முடியாது. எனக்கும் அது உண்மைன்னே தோணும். விரதம் என்னைக் குடியில இருந்து காப்பாத்தறதுக்குப் பதிலா, என் குடியைக் கேள்வியில இருந்து காப்பாத்திட்டு இருந்தது. முருகனை சாட்சிக் கூண்டுல ஏத்தி, "இவன் நல்லவன்தான்"னு சொல்ல வெச்சிட்டு இருந்தேன்.

ரெண்டாவது வருஷம் மாலை போட்ட மறுநாள்ல இருந்து கை நடுங்கிச்சு. ராத்திரி தூக்கமே இல்லை, உடம்பெல்லாம் வேர்வை. "விரதம் உடம்பைச் சுத்தம் பண்ணுது"ன்னு ரூம்மேட் சொன்னான், நானும் பக்தியோட நம்பினேன். அது என்னன்னு பின்னாடிதான் தெரிஞ்சது, அதைக் கீழ சொல்றேன்.

மூணாவது வருஷம், 31வது நாள். ஆபீஸ்ல ஒரு பிரச்சினை, ராத்திரி பதினோரு மணி. மாலையைக் கழட்டி டேபிள் டிராயர்ல வெச்சேன். டிராயரை முழுசா மூடினேனான்னு திரும்பிப் பார்த்து இன்னொரு தடவை தள்ளினேன். குடிச்சேன். காலையில குளிச்சிட்டு திரும்பப் போட்டுக்கிட்டேன். மீதி நாளும் போட்டிருந்தேன், பழனிக்கும் நடந்தேன். வழியில வயசானவங்க ரெண்டு மூணு பேர் "சாமி"ன்னு கும்பிட்டாங்க. திரும்பக் கும்பிட்டேன்.

இதை யார்கிட்டயும் சொன்னதில்லை. முருகன்கிட்ட சொன்னேனான்னு கேட்டா, சொன்னேன், ஆயிரம் தடவை. அழுதுகிட்டே சொல்லியிருக்கேன். சொல்லிட்டு மறுபடி குடிச்சிருக்கேன். அவன்கிட்ட சொல்றது சுலபமா இருந்தது, ஏன்னா அவனுக்கு ஏற்கனவே தெரியும். அவன் முகம் மாறாது. கருவறைக்கு முன்னாடி நின்னு மனசுக்குள்ள சொன்னா, அந்தப் பக்கத்துல இருந்து "எத்தனை நாளா?"ன்னு கேள்வி வராது.

அப்புறம் சித்திரையில ஒரு ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலி. அம்மா எனக்கு ஃபோன் போட்டிருக்காங்க. காலையில எழுந்து பார்த்தா 14 மிஸ்டு கால். அக்காவும் மாமாவும்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. அப்பா பிழைச்சிட்டார், இப்போ நல்லா இருக்கார். நான் ஊருக்குப் போனப்போ அம்மா ஒண்ணும் கேக்கலை. "நைட் ஷிஃப்டாப்பா?"ன்னு கேட்டுட்டு, நான் பதில் சொல்றதுக்குள்ள உள்ள போயிட்டாங்க. எனக்காகப் பொய்யையும் அவங்களே சொல்லிக் குடுத்துட்டாங்க.

அக்கா ஸ்டாஃப் நர்ஸ். அவ விடலை. மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போய், "தினமும் எவ்வளவு?"ன்னு நேரா கேட்டா. சொன்னேன். "நாளைக்கே நிறுத்திடறேன், முருகன் மேல சத்தியம்"னேன். "சத்தியம் பண்ணாதடா. நாளைக்கே நிறுத்தவும் செய்யாத. முதல்ல டாக்டரைப் பாரு"ன்னா. எனக்கு ஒண்ணும் புரியலை.

அவ சொன்னது இதுதான், தயவுசெஞ்சு இதை மட்டும் கவனமா படிங்க. தினமும் நிறைய குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்காது. கை நடுக்கம், வேர்வை, தூக்கமின்மைன்னு ஆரம்பிக்கும். சிலருக்கு முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரும். ரெண்டாவது மூணாவது நாள் வாக்குல இல்லாதது கண்ணுக்குத் தெரியும், இடம் காலம் குழம்பிடும். சரியான சிகிச்சை இல்லைன்னா உயிருக்கே ஆபத்து. டாக்டர் சில நாளைக்கு மாத்திரை குடுத்து, பி1 வைட்டமின் குடுத்து, அந்தக் கட்டத்தைப் பாதுகாப்பா தாண்ட வெப்பாங்க. "மாலை போட்டு மூணாவது நாள் ஃபிட்ஸ் வந்து வார்டுக்கு வந்தவங்களை நானே பார்த்திருக்கேன்"னா அக்கா. ரெண்டாவது வருஷம் எனக்கு நடுங்கினது சுத்தமாகறது இல்லை, எச்சரிக்கை. மாலை போட்டு நிறுத்தப் போற நண்பர் உங்ககூட இருந்தா, அவர் தினமும் குடிக்கிறவர்னா, முதல்ல டாக்டர். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல மனநல மருத்துவப் பிரிவு இருக்கு. போதை மறுவாழ்வுக்கு மத்திய அரசோட இலவச எண் 14446, மனநல உதவிக்கு 14416.

டாக்டரைப் பார்த்தேன், மாத்திரை சாப்பிட்டேன், நடுக்கம் நின்னுச்சு. டாக்டர் கூட்டத்துக்குப் போகச் சொன்னார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமா ஏஏ. நான் ராத்திரி இன்காக்னிட்டோ மோட்ல தேடினேன். என்னோட லேப்டாப், என்னோட ரூம், இருந்தும் இன்காக்னிட்டோ. ஏரியா வாரியா பட்டியல் வந்தது. பக்கத்துல இருந்தது ரெண்டு கிலோமீட்டர். தினமும் அந்த ரோட்டு வழியாத்தான் ஆபீஸ் போறேன். ஒரு சர்ச் வளாகத்துக்குள்ள, பின்னாடி இருக்கற ஸ்கூல் ரூம்.

உண்மையைச் சொல்றேன், முகவரியைப் பார்த்ததும் ஒரு நிம்மதி வந்தது. போகாம இருக்க நல்ல காரணம் கிடைச்சிடுச்சுல்ல. "மதம் மாத்தற இடமா இருக்கும், முருக பக்தன் நான் எப்படிப் போறது?" மூணு மாலை போட்டு ஒண்ணை டிராயர்ல வெச்சுப் பூட்டினவனுக்கு அன்னைக்கு ராத்திரி மதப்பற்று பொங்கிச்சு.

முதல் வாரம் கேட் வரைக்கும் போனேன். நெத்தியில விபூதி. அழிக்கலாமா வேண்டாமான்னு எதிர்ல டீக்கடையில அரை மணி நேரம் நின்னேன். கூட்டம் ஆரம்பிச்சிருக்கும், இனி போனா மரியாதை இல்லைன்னு திரும்பிட்டேன். ரெண்டாவது வாரம் கேட்ல ஒருத்தர் ஃப்ளாஸ்க்கோட நின்னுட்டு இருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் புரிஞ்சிருக்கும். பேர் கேக்கலை, எதுக்கு வந்தேன்னு கேக்கலை. "வாங்க தம்பி, டீ ஆறிடும்"னார்.

உள்ள பதினாலு பிளாஸ்டிக் சேர். வாடகைக்கு எடுத்த இடம், அவ்வளவுதான். ஏஏ எந்த மதத்தோடயும் சேர்ந்தது இல்லை. ஆரம்பத்துல கிறிஸ்தவப் பிரார்த்தனைக் குழு ஒண்ணோட நிழல்ல வளர்ந்தது உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனா அவங்களோட பன்னிரண்டு படிகள்ல கடவுள்னு வர்ற இடத்துல, அவரவர் எப்படிப் புரிஞ்சிருக்காங்களோ அந்தக் கடவுள்னு சேர்த்து எழுதி வெச்சிருக்காங்க. கூட்டம் தொடங்கும்போது எல்லாரும் கண்ணை மூடினாங்க. நான் திருச்செந்தூர்க் கடற்கரையை நினைச்சுக்கிட்டேன். பக்கத்துல இருந்தவர் என்ன நினைச்சார்னு இன்னைக்கு வரைக்கும் கேட்டதில்லை.

அங்க பேசறதை வெளிய கொண்டு போகக் கூடாதுங்கறது முக்கியமான கட்டுப்பாடு. அதனால யாரோட கதையையும் இங்க எழுதமாட்டேன். ஒரே ஒரு வார்த்தையை மட்டும், சொன்னவர்கிட்ட அனுமதி வாங்கிட்டு எழுதறேன். நாலாவது வாரம் முதல் தடவை வாய் திறந்தேன். பேரைச் சொல்லி, "குடிநோயாளி"ன்னு சொன்னேன். அப்புறம் எதுவும் வரலை. வேர்த்துக் கொட்டினது. திடீர்னு அந்த 31வது நாள் டிராயர் கதையைச் சொல்லிட்டேன். சொல்லி முடிச்சிட்டு தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். பூமி பிளக்கும்னு நினைச்சேன். எதிர்ல இருந்த பெரியவர், அறுபது வயசு இருக்கும், மெதுவா சொன்னார்: "நீ பரவால்ல தம்பி. நான் கழட்டக்கூட இல்லை."

ரூமே சிரிச்சது. நானும் சிரிச்சேன். சிரிச்சிட்டு அழுதேன். மூணு வருஷத்துல கோயில்ல அழுததெல்லாம் ஒரு வகை, இது வேற வகை. அந்த வித்தியாசம் என்னன்னு பல மாசம் யோசிச்சிருக்கேன். கோயில்ல நான் தனியா ஒரு பெரிய பாவி. அங்க நான் பதினாலு பேர்ல ஒருத்தன். தனியா பெரிய பாவியா இருக்கறதுலயும் ஒரு கர்வம் இருக்கு போல, இல்லைன்னா அது கழண்டதும் ஏன் இவ்வளவு லேசா இருக்கணும்?

இப்போ தம்பியோட கேள்விக்கு வரேன். மனுஷங்ககிட்ட போறது முருகன் மேல நம்பிக்கைக் குறைவா?

இந்த ஏஏ எப்படி ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சப்போ எனக்குப் பாதிப் பதில் கிடைச்சது. பில் வில்சன், நியூயார்க்ல பங்குச் சந்தைத் தொழில்ல இருந்தவர், குடியில எல்லாத்தையும் இழந்தவர். 1934 டிசம்பர்ல ஆஸ்பத்திரியில கிடக்கும்போது அவருக்கு ஒரு தெய்வீக அனுபவம் கிடைச்சது. அறை முழுக்க ஒளி நிறைஞ்ச மாதிரி உணர்ந்ததா பின்னாடி எழுதியிருக்கார். அதோட குடியை விட்டார். அஞ்சு மாசம் கழிச்சு, 1935 மே மாசம், வேலை விஷயமா ஒஹையோ மாநிலத்துல ஆக்ரன்னு ஒரு ஊருக்குப் போறார். வந்த காரியம் தோத்துப் போச்சு. தெரியாத ஊர். ஹோட்டல் லாபியில நிக்கறார். ஒரு பக்கம் பார், சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிஃபோன், அதுக்குப் பக்கத்துல ஊர்ல இருக்கற சர்ச்சுகளோட பட்டியல்.

கடவுள் அனுபவம் கிடைச்ச மனுஷன் சார் அவர். அஞ்சு மாசம் கழிச்சு லாபியில நடுங்கிட்டு நிக்கறார். அவருக்கு அப்போ என்ன புரிஞ்சதுன்னா, பிரார்த்தனையோட சேர்த்து இன்னொரு குடிகாரன்கிட்ட பேசணும். ஃபோனை எடுத்து, உதவி தேவைப்படற குடிகாரர் யாராவது இந்த ஊர்ல இருக்காங்களான்னு ஒவ்வொருத்தரா கேட்டார். கடைசியில ஹென்ரியெட்டா சீபர்லிங்னு ஒரு அம்மா, டாக்டர் பாப் ஸ்மித்னு ஒரு சர்ஜனை அறிமுகப்படுத்தினாங்க. கால் மணி நேரம்தான் இருப்பேன்னு சொல்லிட்டு வந்த டாக்டர், ராத்திரி வரைக்கும் மணிக்கணக்கா பேசினார். அவரும் நடுவுல ஒரு தடவை சறுக்கினார். அவர் கடைசியா குடிச்ச 1935 ஜூன் 10ஐத்தான் ஏஏ தொடங்கின நாளா வெச்சிருக்காங்க. எனக்கு இதுல பிடிச்சது, ஒரு இயக்கத்தோட பிறந்தநாளே ஒருத்தர் சறுக்கி எழுந்த நாளா இருக்கறது.

மீதிப் பாதிப் பதில் நம்ம வீட்லயே இருந்தது. அருணகிரிநாதர் கதை தெரியாதவங்க இங்க யாரும் இல்லை. தப்பான வழியில போய், சொத்தெல்லாம் அழிச்சு, வியாதி வந்து, திருவண்ணாமலை வல்லாள மகாராஜா கோபுரத்துல இருந்து குதிச்சார், முருகன் தாங்கிப் பிடிச்சான்னு சொல்லுவாங்க. நம்ம வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல கதை அங்கயே முடிஞ்சிடும், கை தாங்கற படத்தோட. அதுக்கு அப்புறம் அந்த மனுஷன் என்ன பண்ணினார்னு பாருங்க. "முருகன் காப்பாத்திட்டான், பழசை மறந்துடலாம்"னு இருக்கலை. திருப்புகழ்ல பாட்டுக்குப் பாட்டு, நான் இப்படி மயங்கிக் கிடந்தேன், இப்படிக் கெட்டேன்னு ஊர் ஊரா, கோயில் கோயிலா, எல்லார் காதுலயும் விழற மாதிரி பாடி வெச்சார். அது அவரோட சொந்தக் கதையா, நமக்காகத் தன் மேல ஏத்திக்கிட்டதான்னு அறிஞர்கள் சண்டை போடட்டும். எனக்கு முக்கியம், அவர் முருகன் காதுல மட்டும் ரகசியமா சொல்லலைங்கறது. நாம அதை ராகம் போட்டுப் பாடறோம். நம்மளோடதைச் சொல்லச் சொன்னா மட்டும், நம்பிக்கைக் குறைவுன்னு சொல்லித் தப்பிச்சுக்கறோம்.

பாதயாத்திரையையே எடுத்துக்கோங்க. காரைக்குடி பக்கத்துல இருந்து நகரத்தார் தலைமுறை தலைமுறையா குழுவாத்தான் பழனிக்கு நடக்கறாங்க. நாமளும் குழுவாத்தான் போறோம். கால் கொப்புளம் வெடிச்சா ஒருத்தன் மருந்து போடறான், தூக்கம் வந்தா ஒருத்தன் அரோகரா போட்டு எழுப்பறான். "ஏன்டா, தனியா நடக்க மாட்டியா, முருகன் மேல நம்பிக்கை இல்லையா?"ன்னு யாராவது கேட்டிருக்காங்களா?

ஒரு விஷயத்துல எனக்கு இன்னும் முழுத் தெளிவு இல்லை, அதையும் எழுதிடறேன். குடி ஒரு நோய்னு அங்க சொல்றாங்க, டாக்டரும் அதான் சொல்றார். அப்படின்னா அந்த 14 மிஸ்டு காலுக்கு யார் பொறுப்பு? நோய் மேல போட்டுட்டு நான் கை கழுவிடலாமா? ஆரம்பத்துல அந்த வார்த்தை எனக்கு ரொம்ப வசதியா இருந்தது, அதனாலயே அது மேல சந்தேகமும் வந்தது. இப்போதைக்கு நான் வந்திருக்கற இடம் இது. அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. வந்தது அவர் தப்பு இல்லை. ஆனா மாத்திரை போடாம ஜிலேபி சாப்பிட்டுட்டு, நோய் சாப்பிட வெச்சதுன்னு சொன்னா அம்மா விடமாட்டாங்க. அந்தப் பன்னிரண்டு படிகள்லயே, யார் யாருக்குக் கெடுதல் பண்ணினோம்னு பட்டியல் போட்டு, முடிஞ்ச வரைக்கும் நேர்ல போய்ச் சரி பண்ணணும், அதனால அவங்களுக்கே பாதிப்பு வரும்னா மட்டும் விட்டுடணும்னு இருக்கு. என் பட்டியல்ல முதல் பேர் அம்மா. ஆடி மாசம் போய் உட்கார்ந்து சொன்னேன், அது நைட் ஷிஃப்ட் இல்லைன்னு. அம்மா காய் நறுக்கிட்டே, "தெரியும்ப்பா"ன்னாங்க. ரொம்ப நேரம் கழிச்சு, "அன்னைக்கு ரொம்பப் பயந்துட்டேன்"னாங்க. மன்னிச்சிட்டேன்னு சொல்லலை. நானும் கேக்கலை.

அதே ஆடியில ஒரு தடவை சறுக்கினேன். ஒரு கல்யாணம், ரெண்டு ரவுண்டு. விரதத்துல இப்படி ஆகியிருந்தா எனக்கு என்ன நடக்கும்னு தெரியும். மாலை உடைஞ்சது, எல்லாம் போச்சு, இனி எவ்வளவு குடிச்சா என்னன்னு பத்து நாள் ஓடியிருக்கும். மறுநாள் கூட்டத்துக்குப் போய்ச் சொன்னேன். கேட்டுக்கிட்டாங்க. ஃப்ளாஸ்க் அண்ணன் டீ ஊத்தினார். மறுபடி முதல் நாள்ல இருந்து எண்ணிக்கை. அங்க "இன்று ஒரு நாள் மட்டும்"னு சுவர்ல எழுதி வெச்சிருப்பாங்க. 48 நாளுக்கு ஒரு கடைசி நாள் உண்டு, அந்தக் கடைசி நாளுக்காகத்தான் நான் காத்திருந்தேன். இதுல கடைசி நாளே கிடையாது, இன்னைக்கு மட்டும்தான். முதல்ல அது பயமா இருந்தது, இப்போ பழகிடுச்சு.

எல்லாருக்கும் இது வேலை செய்யுமான்னு கேட்டா, இல்லை. 2020ல காக்ரேன் ஆய்வுக் குழு, 27 ஆய்வுகள், 10,565 பேரோட விவரங்களைச் சேர்த்துப் பார்த்தாங்க. ஏஏ வழியில போனவங்கள்ல ஒரு வருஷம் கழிச்சும் முழுசா குடிக்காம இருந்தவங்க சுமார் 42 சதவீதம், மத்த சிகிச்சைகள்ல சுமார் 35. நல்ல வித்தியாசம்தான், ஆனா 100 இல்லை. கூட்டம் ஒத்து வராதவங்களுக்கு மருந்து இருக்கு, கவுன்சலிங் இருக்கு, மறுவாழ்வு மையங்கள் இருக்கு. சென்னையில டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை 1980ல இருந்து இதையே வேலையா பண்ணிட்டு இருக்கு. குடியால கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மா தொடங்கினது அது. கணவர் பேரையே அதுக்கு வெச்சாங்க, யோசிச்சுப் பாருங்க. நாம வீட்ல அந்தக் காரணத்தை வெளிய சொல்லவே கூசுவோம்.

போகணும்னு நினைக்கறவங்களுக்குச் சில விஷயம். ஏஏல பீஸ் கிடையாது. பதிவேட்டுல பேர் எழுத வேண்டாம். முடிவுல ஒரு பை சுத்தி வரும், இஷ்டப்பட்டா பத்து ரூபா போடலாம், இல்லைன்னா பக்கத்துல தள்ளிடலாம். பேச விருப்பம் இல்லைன்னா கேட்டுட்டு மட்டும் வரலாம், நான் மூணு வாரம் அப்படித்தான் இருந்தேன். குடியை நிறுத்தணுங்கற ஆசை ஒண்ணுதான் தகுதி. சில கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும், சிலது யார் வேணும்னாலும் வரலாம்னு திறந்திருக்கும், பட்டியல்லயே போட்டிருக்கும். முதல் கூட்டம் பிடிக்கலைன்னா வேற ஏரியாவுல வேற கூட்டம் பாருங்க. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு குணம் உண்டு, கோயில் மாதிரிதான். குடிக்கிறவங்க வீட்ல இருக்கறவங்களுக்கு அல்-அனான்னு தனியா கூட்டம் இருக்கு. பில் வில்சனோட மனைவி லோயிஸ் 1951ல தொடங்கினவங்கள்ல ஒருத்தர். அக்கா ஒரு தடவை போயிட்டு வந்தா. என்ன பேசினாங்கன்னு கேட்டேன், "உனக்கு எதுக்கு?"ன்னுட்டா.

தம்பி, நீ இதைப் படிக்கறியான்னு தெரியலை. சஷ்டி அன்னைக்கு நான் போட்ட மயிலுக்கு மன்னிச்சிடு. உன் நம்பருக்கு அனுப்பின மெசேஜ் இன்னும் அங்கதான் இருக்கு. எப்போ வேணும்னாலும் பதில் போடு. முதல் தடவை தனியா போகக் கஷ்டமா இருந்தா, எந்த ஏரியான்னு மட்டும் சொல்லு, நான் கேட்ல நிக்கறேன்.

இந்த வருஷம் தைப்பூசத்துக்கு நான் மாலை போடலை. குருசாமிகிட்ட காரணத்தைச் சொன்னேன், எல்லாத்தையும். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார், அப்புறம் "மாலை இல்லாமலும் நடக்கலாம்ப்பா, காவடித் தண்ணி கேனைத் தூக்கிட்டு வா"ன்னார். நாலு நாள் நடை. வழியில கூட்டத்துக்குப் போக முடியாது, ஆனா ராத்திரி எட்டு மணிக்கு ஆன்லைன் கூட்டம் இருக்கு, ஃபோன்லயே சேர்ந்துக்கலாம். பையில துண்டு, டார்ச், வலி மருந்து எல்லாம் வெச்சாச்சு. பவர் பேங்க் மட்டும் இன்னும் வாங்கலை.

வேலும் மயிலும் துணை.